கேசட்டில் இல்லாத காளை

கிருபாசங்கரோடு சினிமாவுக்கு மட்டும் போய்விடாதீர்கள். மற்றபடி நல்ல மனிதர்தான். அவரே டிக்கெட் எடுப்பார், இடைவேளையில் பப்ஸ் வாங்கித் தருவார். படம் ஓட ஆரம்பித்ததும்தான் வம்பு. காதோரம் குனிந்து, "இப்ப கதவைத் திறக்கறான் பாருங்க. உள்ளுக்குள்ள யாரோ நிக்கறாப்ல இருக்கு" என்று திரையில் நடப்பதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்வார். நமக்கும் கண் இருக்கிறது என்பது அவருக்கு மறந்துபோய்விடும். அவர் மனைவி கல்யாணமான புதிதில் தொடையைக் கிள்ளிப் பார்த்தாள். இப்போது ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொள்கிறாள்.

நாற்பத்திரண்டு வயது. பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை. மோட்டாரை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "பேரிங் சரியில்லைங்க" என்பார். பிறகு மீட்டரும் அதையேதான் சொல்லும். கம்பெனியில் அதற்காக அவருக்கு ஒரு மரியாதை உண்டு. அதை அவர் வீட்டுக்கு எடுத்துவர முயன்றதில்லை, அங்கே அது செல்லாது.

சொந்த ஊர் காங்கேயத்தை ஒட்டிய சின்ன ஊர். அப்பா தேங்காய் எண்ணெய் மில்லில் மேஸ்திரியாக இருந்து காலமாகிவிட்டார். அம்மா நாச்சியம்மாள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். கூடப் பிறந்தது ஒரே தங்கை, புவனா, இவரைவிட நான்கு வயது சின்னவள். சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பிழை கண்டுபிடிக்கிற வேலை. மற்றவர்கள் எழுதியதைத் தட்டித் தட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்ல வேண்டும். இவ்வளவு கவனமான பெண்ணை அந்தக் குடும்பத்தில் எல்லோரும் கவனமில்லாதவள் என்றே சொல்லி வந்தார்கள். அதற்குக் காரணம் கிருபாசங்கர். அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அது தொண்ணூற்றாறாம் வருஷத்துப் பொங்கல். வீட்டுக்கு வெள்ளையடிக்க வாசலில் ஒரு தொட்டியில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். நீர்த்த சுண்ணாம்பை டப்பாவில் வாங்குகிற காலத்தில் பிறந்தவர்களுக்கு அது தெரியாது. தண்ணீர் பட்டதும் கல் உஸ்ஸென்று மூச்சு விடும், புகையும், பிறகு தொட்டி முழுக்கத் தளதளவென்று கொதிக்கும். அந்தச் சூட்டில் முட்டையைப் போட்டால் வெந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருவன் சொல்லியிருந்தான். பன்னிரண்டு வயது கிருபாசங்கர் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு முட்டையை எடுத்து வந்தான். கிட்டே போகப் பயம். அதனால் தள்ளி நின்று எறிந்தான். தொட்டிக்கு அந்தப் பக்கம் எட்டு வயதுத் தங்கை நின்றுகொண்டிருந்தாள். சுண்ணாம்பு அவள் இரண்டு கண்ணிலும் தெறித்தது.

அம்மா ஓடிவந்து குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினாள். "என்னடா ஆச்சு?" என்று கேட்டாள். முட்டை தொட்டிக்குள் போய்விட்டது, சாட்சி இல்லை. "அவளே எட்டிப் பாத்துப்போட்டாம்மா" என்றான் கிருபாசங்கர்.

அவ்வளவுதான். கோயமுத்தூர்க் கண்ணாஸ்பத்திரியில் இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டு போட்டு அனுப்பினார்கள். பதினொரு நாள் கட்டைப் பிரிக்கக் கூடாது. பிரித்த பிறகுதான் பார்வை எப்படி என்று சொல்ல முடியும் என்றார்கள். "எட்டிப் பாத்துப்போட்டாளுங்க" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். புவனாவுக்குக் கண் தப்பிவிட்டது, வலது கண்ணில் மட்டும் விளக்கைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். அவள் பேர்தான் தப்பவில்லை. தட்டு உடைந்தால், பஸ் தவறினால், வரன் தட்டிப்போனால், "எட்டிப் பாத்தவதானே" என்பார்கள். கேட்டுக் கேட்டு அவளும் அதை நம்பினாள். பிறகு எதையும் நாலடி தள்ளி நின்றே பார்க்கப் பழகிக்கொண்டாள்.

அந்தப் பதினொரு நாளில்தான் காளை வந்தது.

பொங்கலுக்கு வந்திருந்த மாமா பையன் ஒரு டிவி கேம் கொண்டுவந்திருந்தான். பெட்டியின் தலையில் மஞ்சள் கேசட்டைச் செருக வேண்டும். கேசட்டின் மேல் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது கேம் என்று போட்டிருக்கும். அத்தனையும் ஏழெட்டுக் கேமைத் திருப்பித் திருப்பி வேறு பேரில் எழுதியதுதான். புவனாவுக்குத்தான் முதல் ஆட்டம் என்று பேச்சு. இப்போது அவள் கண்கட்டோடு கட்டிலில் படுத்திருந்தாள். அண்ணன் வீட்டிலிருந்த சின்ன பிளாக் அண்ட் ஒயிட் டிவியில் டாங்கி கேம் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"என்னங்கண்ணா தெரியுது?" என்றாள் புவனா.

செங்கல் சுவரைச் சுற்றிச் சுற்றி டாங்கி போகிறது, சுடுகிறது. அதை எத்தனை நேரம் சொல்ல முடியும்? அவன் கட்டைப் பார்த்தான். அதற்குக் கீழே ஈரமாக இருந்தது.

"ஒரு மாடு தெரியுது கண்ணு" என்றான்.

"என்ன மாடு?"

"மயிலைக்காளை. கழுத்து மணி எங்கியோ உழுந்துருச்சாட்டம் இருக்கு. அதைத் தேடிட்டுப் போகுது."

அன்றிலிருந்து அந்த டாங்கி மாடாகிவிட்டது. டாங்கி நகரும்போது எழுகிற கரகரச் சத்தம், ஓடைக்கல்லில் காளை நடக்கிற சத்தம். குண்டு வெடித்தால், கொட்டாங்குச்சி உடைகிறது. திரையில் நட்சத்திரத்தை எடுத்தால் கிணுகிணுவென்று ஒரு ஓசை வருமே, அது மணி. முதல் லெவலில் காளை கிளுவை வேலி தாண்டிக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக்குள் நுழைந்தது. இரண்டாவதில் தேங்காய்ப் பருப்புக் காய்கிற களம், வெள்ளை வெளேரென்று பரப்பிக் கிடக்கும், ஒன்றையும் மிதிக்காமல் கடக்க வேண்டும். மூன்றாவதில் தாராபுரம். அமராவதி ஆற்றில் தண்ணீர் நீலமாக ஓடியது. "சோத்துக்கைப் பக்கம் திருப்புங்கண்ணா, அங்க பள்ளம்!" என்று படுத்தபடியே கத்துவாள் புவனா. கட்டை விரல் இரண்டும் காற்றை அமுக்கிக்கொண்டிருக்கும். ஆட்டம் முடிந்ததும் கேசட்டைக் கழற்றி அவள் கையில் கொடுப்பான். அவள் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு, லேபிளை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தபடியே தூங்கிப்போவாள்.

பத்தாம் நாள் காளை கொடுமுடிக்குப் போய்ச் சேர்ந்தது. காவிரிப் படித்துறையில் நின்றது. அக்கரையில் மணி கேட்டது. மறுநாள் ஆற்றில் இறங்குவது என்று வைத்திருந்தான். அதற்குள் பள்ளிக்கூடம் திறக்கிறது என்று மாமா பையன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அதற்கடுத்த நாள் கட்டுப் பிரித்தார்கள்.

இப்படியாக ஒரு காளை முப்பது வருஷமாகக் கொடுமுடிப் படித்துறையில் நிற்கிறது.

எட்டு வயது நினைவு எதை எங்கே ஒட்டிவைக்கும் என்று யாருக்குத் தெரியும்? கட்டுப் பிரித்த பிறகு அந்த கேமைக் கண்ணால் பார்த்ததாகவே புவனாவின் மனதில் நின்றுவிட்டது. காளையின் திமில் நடக்கும்போது எந்தப் பக்கம் சாயும் என்றுகூடச் சொல்வாள். நாலு வருஷத்துக்கு முன்பு, பழைய டிவி கேம்களைத் தேடிப்பிடித்து விளையாடுகிறவர்கள் இன்டர்நெட்டில் கூட்டமாக இருக்கிறார்கள் என்று தெரிந்ததும், அங்கே போய் எழுதிவிட்டாள். சாம்பல் நிறக் காளை, முள்வேலி, தேங்காய்க் களம், நீல ஆறு, கடைசியில் கோயில் படித்துறை. யாருக்காவது தெரியுமா? பிரேசில்காரர் ஒருவர் எருமை வருகிற ஒரு கேமை அனுப்பினார். ஜப்பானிலிருந்து ஒருவர், அப்படி ஒன்று வெளிவரவே இல்லை, ஆனால் வெளிவந்திருக்க வேண்டும் என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள்.

கிருபாசங்கருக்குத்தான் அது எந்தக் கேசட்டிலும் இல்லை என்று தெரியும். அது நான் அடித்துவிட்ட கதை என்று ஒரு வரி சொன்னால் முடிந்துவிடும். ஆனால் அவள் ஒருமுறை அண்ணியிடம் சொன்னதை அவர் சமையலறை வாசலில் நின்று கேட்டுவிட்டார்.

"அந்த மாடு மட்டும் இல்லீன்னா அந்தப் பதினோரு நாள்ல நான் பயத்துலயே செத்துருப்பேனுங்கண்ணி. நான் பண்ணுன தப்புக்குச் சாமி குடுத்த சமாதானம் அது."

நான் பண்ணின தப்பு என்றாள். காளை இல்லை என்று சொன்னால் அது ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் முட்டையைச் சொல்ல வேண்டும். கிருபாசங்கர் தண்ணீர் குடிக்க வந்தவர், குடிக்காமலே திரும்பிப் போனார்.

போன வாரம் அவளே போன் செய்தாள். குரல் குதித்தது. "ஏனுங்கண்ணா, கேசட் கெடைச்சிருச்சுங்க! டவுன்ஹால்ல தாரிக்னு ஒருத்தர் இருக்காருங்க, பழைய டிவி கேமெல்லாம் சேத்துறவர். நான் உரிச்சு வெச்ச லேபிள் துண்டை அவருகிட்டக் காட்டியிருந்தேன். அதே கேசட்டாமுங்க. ஞாயித்துக்கெழமை நீங்களும் வரோணும். நீங்கதான ஓட்டுனீங்க, எந்த நம்பர்ல இருக்குதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

அந்த வாரம் அவருக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. டெஸ்டிங் தொட்டியில் பம்ப் தண்ணீரைக் கக்கும்போது அமராவதி கேட்டது. அவிநாசி ரோட்டில் மேம்பாலத்து நிழலில் சிக்னலுக்கு நின்றால், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே ஒரு சாம்பல் முதுகு அவசரமில்லாமல் நகர்ந்துபோகிற மாதிரி இருந்தது. அதற்கு யாரும் ஹாரன் அடிக்கவில்லை. கண்ணை மூடி மோட்டாரைக் கேட்டால் ஓடைக்கல் சத்தம். நல்ல மோட்டார் ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். இருபது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தொழுகை முடிந்து வந்து தாரிக் கதவைத் திறந்தார். நாற்பதை ஒட்டிய வயது, கீழே மொபைல் கவர் விற்கிற கடை, மேலே இந்த அறை. வழுவழுப்பான புது டிவி ஒன்றுகூட இல்லை. வயிறு தள்ளிய பெட்டி டிவிகள்தான் சுவரோரம் வரிசையாக இருந்தன. அலமாரியில் கருப்பும் சாம்பலுமாக டிவி கேம் பெட்டிகள், சுருட்டிக் கட்டிய ஒயர்கள், வாத்து சுடுகிற பிளாஸ்டிக் துப்பாக்கி. ஜன்னலுக்கு வெளியே டவுன்ஹாலின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இரைந்துகொண்டிருந்தது. உள்ளே ஏதோ நீருக்கு அடியில் இருப்பதுபோல் அமைதி.

"வாங்கக்கா. வாங்கண்ணா, உங்களைத்தான் பாக்கோணும்னு இருந்தேன். இந்த மாட்டு கேமை நெசமாலுமே ஆடுன ஒரே ஆள் நீங்கதானுங்க" என்றார் தாரிக். கிருபாசங்கர் சிரிக்க முயன்றார், வரவில்லை.

மஞ்சள் கேசட். லேபிளில் விமானம், பக்கத்தில் ஒரு புலித்தலை. புவனா தன் பர்ஸிலிருந்து எடுத்த துண்டை அதன் மூலையில் வைத்தாள். பொருந்தியது. பழக்கதோஷத்தில் கேசட்டின் வாயை உதட்டருகே கொண்டுபோனாள்.

"ஊதாதீங்கக்கா! எச்சில் பட்டாப் பின்னு கருத்துப்போகுமுங்க. நாமெல்லாம் சின்ன வயசுல ஊதி ஊதியே பாதியைக் கெடுத்துப்போட்டோம். ஸ்பிரிட் போட்டுத் தொடச்சு வெச்சிருக்கேன்" என்று தாரிக் வாங்கிச் செருகினார்.

திரை ஒருமுறை நடுங்கியது. பட்டியல் வந்தது. "எத்தனாவது நம்பருங்கண்ணா?" என்றாள் புவனா. ஆட்டத்தை ஓட்டுகிற பொத்தான்கள் வைத்த முதல் பேடு அவர் கையில் இருந்தது. ஏதாவது ஒரு நம்பரைச் சொல்லி, இது அந்தக் கேசட் இல்லை என்று சாதித்துவிடலாம். வேறு கேசட் தேடலாம், இன்னும் முப்பது வருஷம் ஓடிவிடும். ஆனால் விரல் தானாகவே இறங்கிப் பழைய இடத்தில் நின்றது. அமுக்கினார்.

அந்த ஆரம்பப் பாட்டு, ஐந்து நொடிகூட இருக்காது. கேட்டதும் புவனாவின் கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

"இதேதானுங்கண்ணா!" என்றாள். கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. "நடக்குது பாருங்க. ஓடைக்கல்லுல நடக்குது. ஐயோ, வேலிகிட்ட வந்துருச்சு!"

தாரிக் திரையைப் பார்த்தார், கிருபாசங்கரைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அக்கா, கண்ணைத் தொறந்து பாருங்க. இது டாங்கி கேமுங்க. எல்லாக் கேசட்லயும் இருக்கும்" என்றார்.

அவள் திறந்தாள். செங்கல் சுவர், டாங்கி. வெகுநேரம் பார்த்தாள்.

"ஆறு நீலமா இருக்கும்னு சொன்னீங்களேக்கா, அப்ப உங்க ஊட்ல கலர் டிவியா?" என்று கேட்டார் தாரிக். பாவம், அவர் துப்பு தேடுகிற எண்ணத்தில்தான் கேட்டார்.

"இல்லைங்க. பிளாக் அண்ட் ஒயிட்" என்றாள். சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. பிழை கண்டுபிடிக்கிறவள் அல்லவா? நெற்றி சுருங்கியது.

"எனக்குக் கட்டு எத்தனை நாளுங்கண்ணா இருந்துச்சு?"

"பதினொண்ணு."

"இந்தப் பொட்டி நம்ம ஊட்ல எத்தனை நாள் இருந்துச்சு?"

"பத்து" என்றார் கிருபாசங்கர். பேடை மடியில் வைத்தார். "நீ பாக்கவே இல்லை கண்ணு. நான் சொன்னதுதான்."

அவள் அழவில்லை, கோபப்படவுமில்லை. தரையில் அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பச் சொல்லுங்க. காவேரி இன்னும் தாண்டலை. மாடு எங்க நிக்குதுங்கண்ணா?"

அவள் கட்டை விரல் இரண்டும் காற்றில் தயாராக நின்றன. கிருபாசங்கர் அதைப் பார்த்தார். ஆற்றில் இறக்கிவிடலாம். அக்கரையில் மணியை எடுத்துக் கழுத்தில் கட்டிவிடலாம். வாய்க்கு வந்துவிட்டது, நன்றாகவும் இருக்கும். அவளும் நிம்மதியாக வீட்டுக்குப் போவாள், எட்டிப் பார்த்தவளாகவே.

"கொடுமுடியில இல்லை கண்ணு" என்றார். "திரும்பி வந்துருச்சு. நம்ம ஊட்டு வாசல்ல நிக்குது."

"அங்க என்ன தெரியுதுங்க?"

"சுண்ணாம்புத் தொட்டி. தண்ணி ஊத்தியிருக்கு. கொதிக்குது."

விரல்கள் அசையவில்லை.

"சின்னப் புள்ளை ஒண்ணு நாலடி தள்ளி நிக்குது. பாவாடையை ரெண்டு கையிலயும் புடிச்சுட்டு நிக்குது. எட்டிப் பாக்கலை." திரையில் ஒரு டாங்கி சுவரை உடைத்துக்கொண்டு வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. "இந்தப் பக்கம் ஒரு பையன். கையில முட்டை வெச்சிருக்கான். வேக வெக்கோணுமாம். கிட்டப் போகப் பயந்துட்டு எறியறான்."

"எத்தனை வயசுப் பையன்?"

"பன்னெண்டு."

தாரிக் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். டாங்கியின் கரகரப்பு மட்டும் அறை முழுக்க நடந்தது.

"எட்டிப் பாக்கலியா?" என்றாள் புவனா. குரல் எட்டு வயதுக் குரலாக இருந்தது.

"பாக்கலை கண்ணு. சத்தியமா பாக்கலை. நாந்தான் எறிஞ்சேன். நாந்தான் பொய் சொன்னேன்."

கண்ணை மூடியபடியே அவள் கையை நீட்டினாள். அவர் மடியிலிருந்த பேடைத் தடவி, நடுவிலிருந்த ஸ்டார்ட் பொத்தானைக் கண்டுபிடித்து அமுக்கினாள். டிங் என்று ஒரு சத்தம், எல்லாம் அப்படியப்படியே நின்றது. அதன் பிறகுதான் கண்ணைத் திறந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"மாடு அங்கியே நிக்கட்டும். அப்பறமாத் தாண்டிக்கலாம்" என்றாள். "மொதல்ல அம்மாவுக்குப் போன் போடுங்க. நீங்களே சொல்லோணும்."

அவர் போட்டார். நாலு தடவை மணி அடித்து, ஐந்தாவதில் நாச்சியம்மாள் எடுத்தார். பின்னால் காக்கா கத்துவது கேட்டது.

"ஏஞ்சாமி, சோறு உண்டியா?"

"அம்மா" என்றார் கிருபாசங்கர். "நம்ம புவனா எட்டிப் பாக்கலைங்கம்மா."